தோற்றவர் ஜெயித்தார், செத்தவர் சிரித்தார்! அவசரத் தலைப்புகள் அடித்த கூத்து

பத்திரிகையில் தலைப்பு போடுவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. போட்ட தலைப்பு சாயங்காலம் வரைக்கும் உண்மையாக இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம்.

எங்களுடையது மாலைப் பத்திரிகை. பகல் 12 மணிக்குப் பக்கத்தை மூடி விடுவார்கள். 3 மணிக்கு நீங்கள் பஸ்சுக்கு நிற்கும்போது பேப்பர் கடையில் தொங்க வேண்டும். காலையில் நடந்ததை மதியத்துக்குள் எழுதியாக வேண்டும். சில நேரம், இன்னும் நடக்காததையும் சேர்த்து எழுதித் தொலைத்து விடுவோம்.

போன வருஷம் நான் அப்படி ஓர் ஆளைச் சாகடித்தேன்.

பயப்படாதீர்கள். பேப்பரில்தான்.

வடசென்னையில் ஒரு தெருமுனையில் டீக்கடை. பிரேக் பிடிக்காத லாரி ஒன்று கடைக்குள் புகுந்தது. 3 பேருக்குக் காயம். கடைக்காரரை ஆம்புலன்சில் ஏற்றியபோது பேச்சு மூச்சு இல்லை. நேரம் 11-40. "ஆள் முடிஞ்சிட்டாரு போல சார்" என்று பக்கத்தில் நின்றவர் சொன்னார். அந்த "போல"வை மட்டும் நான் விட்டு விட்டேன்.

"டீக்கடைக்குள் லாரி புகுந்தது, உரிமையாளர் நசுங்கி பலி!"

நாலு காலத் தலைப்பு. போஸ்டரும் அடித்து விட்டார்கள்.

நசுங்கியது பாய்லரும் அவருடைய ஒரு காலும்தான். ஆள் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்துக்கொண்டு, "சாப்பாடு எத்தனை மணிக்குத் தருவாங்க?" என்று நர்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். இங்கே அவர் கடைக்கு எதிரிலேயே, அவர் செத்த போஸ்டர் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கடைக்காரர்கள் பாதி ஷட்டரை இறக்கி, மாலை வாங்க ஆளுக்கு 50 ரூபாய் வசூலும் செய்து விட்டார்கள்.

மறுநாள் செய்தி ஆசிரியர் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. குடும்பத்தோடு படிக்கிற பேப்பர் இது.

எங்கள் ஆபீசில் ஒரு புரூப் ரீடர் பெரியவர். ரிட்டயர் ஆகியும் தினம் ஒருமுறை வந்து போவார். அவர்தான் என்னை வெளியே டீ குடிக்கக் கூட்டிப் போனார்.

"மூஞ்சியைத் தொங்கப் போடாதடா தம்பி. நீ ஒரு டீக்கடைக்காரரைச் சாகடிச்சே. அமெரிக்காவுல ஒரு பேப்பர் ஜனாதிபதியையே தோக்கடிச்சிருக்கு. போய்ப் படி" என்றார்.

படித்தேன். அதில் இருந்து பழைய தப்புத் தலைப்புகளைத் தேடித் தேடிப் படிப்பது பழக்கமாகி விட்டது. கூடவே ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கொண்டது. 'இந்தத் தலைப்பு அப்படியே பலித்திருந்தால்?' என்று கற்பனை ஓட ஆரம்பித்து விடும்.

மோர் குடித்துவிட்டுத் தூங்கியவர்

1948-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி. அமெரிக்காவில் ஜனாதிபதி தேர்தல். பதவியில் இருந்த ஹாரி ட்ரூமன் ஒரு பக்கம். நியூயார்க் கவர்னர் தாமஸ் டூயி மறுபக்கம்.

ட்ரூமன் அவ்வளவுதான் என்று ஊரே முடிவு கட்டி விட்டது. 'நியூஸ்வீக்' பத்திரிகை 50 அரசியல் நிருபர்களைக் கேட்டது. 50 பேரும் "டூயி" என்றார்கள். பேச்சுக்காவது ஒருத்தர் மாற்றிச் சொல்லக் கூடாதா? சொல்லவில்லை.

ட்ரூமன் வாலிப வயதில் கான்சாஸ் சிட்டியில் ஆண்கள் துணிமணிக் கடை வைத்தவர். கடை 3 வருஷம்தான் தாங்கியது. நஷ்டப்பட்டு மூடினார். "இவன் தேற மாட்டான்" என்ற பேச்சை அவர் அப்போதே கேட்டிருப்பார். அதனாலோ என்னவோ, ஓட்டு எண்ணுகிற ராத்திரியில் ஓட்டலில் ஒரு சாண்ட்விச்சும் ஒரு டம்ளர் மோரும் சாப்பிட்டு விட்டுப் படுக்கப் போய் விட்டார்.

'சிகாகோ டிரிப்யூன்' ஆபீசில்தான் யாருக்கும் தூக்கம் இல்லை. அவர்களுக்கு வேறு தலைவலி. அச்சுத் தொழிலாளர்கள் ஒரு வருஷமாக ஸ்டிரைக். எழுத்துக் கோக்க ஆள் இல்லை. செய்தியை டைப் அடித்து, அதைப் போட்டோ பிடித்து, பிளாக் செய்து அச்சடித்துக்கொண்டிருந்தார்கள். நேரத்தைத் தின்கிற வேலை. ஆகவே முதல் பதிப்பை வழக்கத்தைவிடச் சில மணி நேரம் முன்னதாகவே முடித்தாக வேண்டும்.

ஓட்டு எண்ணிக்கை அதற்குள் முடியுமா? முடியாது. மெஷின் காத்திருக்குமா? காத்திருக்காது. இந்த இடத்தில் மாட்டிக்கொண்டு முழிப்பது எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அவர்களுடைய வாஷிங்டன் நிருபர் ஆர்தர் சியர்ஸ் ஹென்னிங். பழம் தின்று கொட்டை போட்டவர். அதற்கு முன் நடந்த 5 ஜனாதிபதி தேர்தல்களில் நான்கைச் சரியாகச் சொன்னவர். அவரும் டூயி என்றார். ஐந்துக்கு நான்கு என்றால் நூற்றுக்கு எண்பது. நான் பிளஸ் 2-வில் வாங்கியதைவிட எவ்வளவோ மேல். நம்பினார்கள்.

"டூயி, ட்ரூமனைத் தோற்கடித்தார்" என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்து. சுமார் ஒன்றரை லட்சம் பிரதிகள் அச்சாகி வெளியே போய் விட்டன. அவசரத்தில் சில வரிகள் தலைகீழாக வேறு அச்சாகி இருந்தன. தலைகீழாகப் போனது அந்த வரிகள் மட்டும் இல்லை என்பது விடிந்ததும் தெரிந்தது. ட்ரூமனுக்கு 303 தேர்வாளர் ஓட்டு. டூயிக்கு 189.

இரண்டு நாள் கழித்து ட்ரூமன் ரெயிலில் வாஷிங்டன் திரும்பினார். வழியில் செயின்ட் லூயி ஸ்டேஷனில் யாரோ அந்தப் பேப்பரை அவர் கையில் கொடுத்தார்கள். ரெயில் பெட்டி வாசலில் நின்று, இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அந்தப் போட்டோவை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள்.

இப்போது என் கற்பனைக்கு வாருங்கள். பேப்பரில் வந்தது வந்ததுதான், மாற்ற முடியாது என்று ஒரு சட்டம் இருந்தால்?

ஜனவரி 20-ந் தேதி வெள்ளை மாளிகை வாசலில் இரண்டு பேர் பெட்டி படுக்கையோடு நிற்கிறார்கள். ட்ரூமன் கையில் ஓட்டுக் கணக்கு. டூயி கையில் பேப்பர்.

கேட்டில் நிற்கும் காவலாளி பேப்பரை வாங்கிப் பார்க்கிறார். "ஓட்டு எண்ணினதை நான் பாக்கலே சார். பேப்பரை எங்க வீட்ல எல்லாருமே பாத்தோம். நீங்க உள்ளே போங்க" என்று டூயிக்குக் கதவைத் திறந்து விடுகிறார்.

ட்ரூமன் ஊருக்குத் திரும்பிப் பழைய கடையைத் திறக்கிறார். இந்தத் தடவை வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகிறது. "மாஜி ஜனாதிபதி கையால் கழுத்துப் பட்டி" என்று போர்டு. முதல் கடன் வாடிக்கையாளர் டூயி. பேப்பர் கொடுத்த பதவிக்குக் கஜானா சம்பளம் தர மறுத்து விட்டதாம்.

கற்பனை போகட்டும். அந்தப் பேப்பரின் பழைய பிரதி கிடைத்தால் இன்றைக்கு ஏலத்தில் நல்ல விலைக்குப் போகிறது. சரியான தலைப்போடு வந்த அன்றைய பேப்பர்கள் எல்லாம் அப்போதே பொட்டலம் கட்டப் போய் விட்டன. நியாயத்தைப் பார்த்தீர்களா?

நிலாவில் வௌவால் மனிதன்

ட்ரூமன் விஷயம் அவசரத்தில் நடந்தது. வேண்டுமென்றே விட்ட ரீல் ஒன்று இருக்கிறது.

1835-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி 'நியூயார்க் சன்' பத்திரிகை ஒரு தொடர் ஆரம்பித்தது. ஒரு சென்ட் விலை. பையன்கள் தெருவில் கூவி விற்கும் பேப்பர். எங்கள் ஜாதி!

பிரபல வான நூல் அறிஞர் சர் ஜான் ஹெர்ஷல், தென் ஆப்பிரிக்காவில் நன்னம்பிக்கை முனையில் பெரிய தொலைநோக்கி வைத்து நிலாவைப் பார்த்தார். அங்கே உயிர்கள் இருக்கின்றன என்பது செய்தி. நிலாவில் காடு. ஒற்றைக் கொம்பு ஆடு. இரண்டு காலில் நடந்து, குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு போகும் நீர்நாய் மாதிரி ஒரு பிராணி. அது கட்டிய குடிசையில் இருந்து அடுப்புப் புகை வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, இறக்கை முளைத்த வௌவால் மனிதர்கள்.

ஹெர்ஷல் நிஜ ஆள். அந்த முனையில் அப்போது அவர் இருந்ததும் நிஜம். மற்றதெல்லாம் கப்சா. அவருக்கே விஷயம் தெரியாது. கப்பலில் கடிதம் போய் பதில் வர மாதக்கணக்கில் ஆகும் காலம். அந்தத் தைரியத்தில்தான் அடித்து விட்டார்கள்.

எழுதியவர் ரிச்சர்ட் ஆடம்ஸ் லாக். அவரும் என்னை மாதிரி கோர்ட்டு, கேஸ் என்று அலைந்து எழுதியவர்தான். 6 நாள் தொடரைக் கடைசியில் எப்படி முடித்தார் தெரியுமா? தொலைநோக்கியைச் சூரியனுக்கு நேராக வைத்துவிட்டுப் போய் விட்டார்களாம்; லென்சில் வெயில் பட்டு ஆய்வுக்கூடம் தீப்பிடித்ததாம். அதனால் மேற்கொண்டு பார்க்க முடியவில்லையாம். கேஸ் கட்டை எலி கடித்து விட்டது என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். இது அதற்கும் அண்ணன்.

தினம் 19 ஆயிரத்து 360 பிரதி விற்கிறது, உலகத்திலேயே நாங்கள்தான் முதல் என்று அந்தப் பேப்பர் மார் தட்டியது.

இது நிஜமாகவே இருந்திருந்தால்? முதல் வாரமே நியூயார்க் பேப்பர்களில் விளம்பரம் வந்திருக்கும். "நிலா நகர். அருமையான காற்றோட்டம். நல்ல குடிநீர். பூமிக்கு மிக அருகில். குறைந்த மனைகளே உள்ளன." இரண்டாவது வாரம், வௌவால் மனிதர்கள் சாலை வரி கட்டுவதில்லை என்று நகரசபையில் கேள்வி. "நாங்கள் சாலையில் நடப்பதே இல்லை" என்று அவர்கள் பதில். குடிசை போட்ட பிராணிக்கு ஆக்கிரமிப்பு நோட்டீஸ்.

நம் ஊரில்? "உன் முகம் நிலா மாதிரி இருக்கு" என்று சொல்லும் மாப்பிள்ளைக்கு முதல் ராத்திரியே அறை விழும். "அப்போ என்னை வௌவால்னு சொல்றீங்களா?"

கடைசி வரைக்கும் அந்தப் பத்திரிகை உருப்படியாக ஒரு மறுப்பு போடவில்லை. ஆள் யாரும் சாகவில்லை, விட்டு விடலாம்.

உயிரோடு இருக்கும்போதே இரங்கல்

ஆனால் உயிரோடு இருப்பவரைச் சாகடித்த கதைகளும் உண்டு. எழுத்தாளர் மார்க் ட்வைன் 1897-ம் ஆண்டு லண்டனில் இருந்தார். அவர் சாகக் கிடக்கிறார், செத்தே விட்டார் என்று அமெரிக்காவில் பேச்சு. விசாரித்தால், உடம்புக்கு முடியாமல் இருந்தது அவருடைய சொந்தக்காரர் ஒருவர். என் சாவுச் செய்தி கொஞ்சம் மிகைதான் என்கிற அர்த்தத்தில் ட்வைன் எழுதிக் கொடுத்தார். அவருக்கு அதற்கப்புறம் 13 வருஷம் ஆயுசு.

நம் நாட்டில் நடந்தது இதைவிடப் பெரிசு. 1979-ம் ஆண்டு மார்ச் மாதம். ஜெயப்பிரகாஷ் நாராயண் பம்பாய் ஜஸ்லோக் ஆஸ்பத்திரியில் கவலைக்கிடமாக இருந்தார். அவர் இறந்து விட்டார் என்று பிரதமர் மொரார்ஜி தேசாய் பாராளுமன்றத்தில் அறிவித்தார். சபை ஒத்தி வைக்கப்பட்டது. ரேடியோவில் வழக்கமான நிகழ்ச்சிகள் நின்றன. பள்ளிக்கூடங்களுக்கு லீவு. கடைகள் மூடல்.

ஜே.பி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

பிரதமரே சொன்ன பிறகு எந்தப் பேப்பர்காரன் சந்தேகப்படுவான்? எங்கள் பெரியவரிடம், "அன்னிக்கு நம்ம பேப்பர்ல என்ன போட்டீங்க ஐயா?" என்று கேட்டேன். "டீ ஆறுது, குடி" என்றார். இரண்டாவது தடவை கேட்டதற்கு, மழை வரும் போலிருக்கிறது என்று எழுந்து போய் விட்டார்.

சில வாரம் கழித்து ஜே.பி.யிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் சிரித்தாராம். அவர் காலமானது அந்த வருஷம் அக்டோபர் 8-ந் தேதி, பாட்னாவில்.

அவர் பெரிய தலைவர், சிரித்துவிட்டுப் போனார். இதே விஷயம் ஒரு சாதாரண பென்ஷன்காரருக்கு நடந்திருந்தால்? கவுண்ட்டரில் நிற்கிறார்.

"ஐயா, நான் உயிரோட இருக்கேன்."

"இருங்க. யார் வேணாம்னா? ரிக்கார்டுல இல்லையே."

"நேர்ல நிக்கிறேனே!"

"நேர்ல நிக்கிறதுக்கு எல்லாம் காலம் இல்ல சார். உங்களுக்குப் பாராளுமன்றமே இரங்கல் தெரிவிச்சாச்சு. அதை ரத்து பண்ணி ஒரு தீர்மானம் வாங்கிட்டு வாங்க. மூணு காப்பி. கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து இருக்கணும்."

சிரிக்காதீர்கள். உத்தரப்பிரதேசத்தில் ஒரு விவசாயியை, நிலத்துக்கு ஆசைப்பட்ட உறவினர்கள் சர்க்கார் ரிக்கார்டில் செத்தவராக்கி விட்டார்கள். தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க அவர் தேர்தலில்கூட நின்று பார்த்தார். 1994-ம் ஆண்டுதான் ரிக்கார்டில் அவருக்கு உயிர் வந்தது. அது வரைக்கும் சுமார் 18 வருஷம் பிணம்!

ஸ்கைலாப் விழுந்தது யார் தலையில்?

அதே 1979-ம் ஆண்டு ஜூலை மாதம். அமெரிக்கா 1973-ல் விண்ணில் விட்ட 'ஸ்கைலாப்' ஆய்வுக்கூடம் கீழே விழப் போகிறது என்று தலைப்புக்கு மேல் தலைப்பு. எடை சுமார் 77 டன். எங்கே விழும் என்று விட்டவர்களுக்கே தெரியாது. உலகத்தில் யாராவது ஒருத்தர் தலையில் விழ 152-க்கு 1 வாய்ப்பு என்று 'நாசா' கணக்குச் சொன்னது. அந்த ஒருத்தர் நாம்தான் என்று ஒவ்வொருத்தரும் நினைத்தார்கள். ஆந்திரப் பக்கம், எப்படியும் சாகப் போகிறோம் என்று ஆடு கோழியை அடித்து விருந்து வைத்துச் சாப்பிட்டவர்கள் கதையைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்துப் பேப்பர்கள் இரண்டுக்குள் போட்டி. விழுந்த 72 மணி நேரத்துக்குள் ஒரு துண்டை முதலில் கொண்டு வந்து தருபவருக்கு 10 ஆயிரம் டாலர் என்று 'எக்சாமினர்' அறிவித்தது. 'கிரானிக்கிள்' விடுமா? அது விழுந்து சேதம் ஏற்பட்டால் எங்கள் சந்தாதாரருக்கு 2 லட்சம் டாலர் என்றது.

சந்தாதாரருக்கு மட்டும்! இந்த இடத்தில் என் கற்பனை அடங்கவில்லை. ஸ்கைலாப் நேராக வந்து விழுகிறது. பாதி சந்தாதாரர் வீட்டில், பாதி அடுத்த வீட்டில். அடுத்த வீட்டுக்காரர் பேப்பரை ஓசியில் இரவல் வாங்கிப் படிப்பவர். இடிபாட்டுக்குள் இருந்து கையை நீட்டி, "சார், இந்த மாசத்துல இருந்து நானும் சந்தா கட்டிடறேன்" என்கிறார்.

நிஜத்தில் அது இந்து மகா சமுத்திரத்திலும், மேற்கு ஆஸ்திரேலியாவில் எஸ்பரன்ஸ் ஊர்ப் பக்கமும் சிதறியது. யாருக்கும் காயம் இல்லை. அந்த ஊரில் 17 வயதுப் பையன் ஒருவன், வீட்டில் விழுந்த துண்டுகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு விமானம் ஏறி விட்டான். கெடுவுக்குள் 'எக்சாமினர்' ஆபீசில் போய் நின்றான். 10 ஆயிரம் டாலரை எண்ணி வைத்தார்கள். ஒரு தலைப்புக்காகப் பேப்பர்காரன் கையில் இருந்து காசு போனது, எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

எஸ்பரன்ஸ் நகரசபை சும்மா இருக்கவில்லை. பொது இடத்தில் குப்பை போட்டதாக 'நாசா'வுக்கு 400 டாலர் அபராதம் போட்டது. 30 வருஷம் கழித்து, 2009-ம் ஆண்டு, ஓர் அமெரிக்க ரேடியோ அறிவிப்பாளர் நேயர்களிடம் வசூல் செய்து கட்டினார். நகரசபைச் செய்தி எழுதுபவன் என்ற முறையில் சொல்கிறேன், குப்பை அபராதம் வசூலானதே உலக அதிசயம்.

"எல்லோரும் பத்திரம்"

இது வரை சிரித்தாயிற்று. இனி எழுதப்போவதில் என்னால் ரொம்பச் சிரிக்க முடியவில்லை.

1912-ம் ஆண்டு ஏப்ரல் 14-ந் தேதி இரவு 11-40 மணிக்கு 'டைட்டானிக்' கப்பல் பனிப்பாறையில் மோதியது. 15-ந் தேதி அதிகாலை 2-20 மணிக்கு மூழ்கியது. சுமார் 1,500 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் சுமார் 700 பேர்தான்.

15-ந் தேதி மாலை நியூயார்க்கில் வந்த 'ஈவினிங் சன்' பேப்பரின் தலைப்பு: "மோதலுக்குப் பிறகு டைட்டானிக்கில் எல்லோரும் காப்பாற்றப்பட்டனர்." பால்ட்டிமோர் நகரத்து 'ஈவினிங் சன்'னும் அதே மாதிரி. இரண்டும் மாலைப் பத்திரிகை. மறுநாள் காலை லண்டனில் 'டெய்லி மெயில்' ஒரு படி மேலே போய், "டைட்டானிக் மூழ்கியது, உயிர்ச் சேதம் இல்லை" என்றது.

எப்படி வந்தது இந்தச் செய்தி? கம்பியில்லாத் தந்திக் குழப்பம் என்கிறார்கள். "டைட்டானிக் பயணிகள் எல்லோரும் பத்திரமா?" என்று ஒருவர் கேள்வி கேட்டார். பழுதான வேறு ஒரு எண்ணெய்க் கப்பலைக் கட்டி இழுத்துப் போவதாக இன்னொரு கப்பல் செய்தி அனுப்பியது. காற்றில் இரண்டும் கலந்து விட்டன. "எல்லோரும் பத்திரம், கப்பலை ஹாலிபாக்சுக்கு இழுத்து வருகிறார்கள்" என்று ஆகி விட்டது. கேள்விக்குறி எங்கேயோ கடலில் விழுந்து விட்டது. என்னுடைய "போல" மாதிரி.

கப்பல் கம்பெனி ஆபீசிலும் ஆபத்து ஒன்றும் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இந்தத் தலைப்பு பலித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். ஒன்றும் ஆகியிருக்காது. ஓட்டையான கப்பலை ஹாலிபாக்சில் கட்டி வைத்திருப்பார்கள். பணக்காரப் பயணிகள் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டுச் சண்டை போட்டிருப்பார்கள். கேப்டன் ஸ்மித் பென்ஷன் வாங்கிக்கொண்டு, பனிப்பாறைக் கதையைப் பேரப் பிள்ளைகளுக்குச் சொல்லி போர் அடித்திருப்பார். படம் எடுத்திருக்க மாட்டார்கள். எல்லோருக்கும் போதுமான படகு இல்லாமல் கப்பல் விட்டது யாருக்கும் தெரிந்திருக்காது. இருந்த 20 படகுகளில் 1,178 பேருக்குத்தான் இடம். அது தெரிய 1,500 பேர் சாக வேண்டியிருந்தது.

நிஜத்தில் நடந்தது வேறு. காப்பாற்றப்பட்டவர்களை ஹாலிபாக்சில் போய் அழைத்து வர நியூயார்க்கில் இருந்து ஒரு ஸ்பெஷல் ரெயில் விட்டார்கள். அன்று மாலைக்கு மேல்தான் முழு விவரம் வந்தது. ஹாலிபாக்சுக்கு எந்தக் கப்பலும் வரவில்லை. ரெயிலை வழியிலேயே திருப்பி விட்டார்கள். பிழைத்தவர்களை ஏற்றிக்கொண்ட 'கார்பேதியா' கப்பல் 18-ந் தேதி இரவு நியூயார்க் வந்தது. அது வரைக்கும் மூன்று நாள், மாலைப் பேப்பரைப் பார்த்து "அப்பாடா" என்று பெருமூச்சு விட்டவர்கள் எப்படி இருந்திருப்பார்கள்?

செங்கல்பட்டு ரெயில்

அந்த ரெயிலைப் பற்றிப் படித்தபோது எனக்கு வேறு ஒரு ரெயில் ஞாபகம் வந்தது.

எங்கள் டீக்கடைக்காரருக்கு ஒரே மகள். செங்கல்பட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறார். அன்று சாயங்காலம் யாரோ எங்கள் பேப்பரைப் போட்டோ பிடித்து அந்தப் பெண்ணுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி விட்டார்கள். அப்பாவுக்குப் போன் போட்டால் போகவில்லை. போன் லாரிக்கு அடியில் கிடந்தது. பக்கத்துக் கடைக்குப் போட்டிருக்கிறார். அந்தக் கடைக்காரருக்கு அது வரை முழுசாக நிச்சயம் இல்லை. எதிரே தொங்கிய போஸ்டரைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்:

"ஆமாம்மா. பேப்பர்லயே போட்டுட்டாங்க."

கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மின்சார ரெயில் ஏறினார் அந்தப் பெண். கிட்டத்தட்ட 2 மணி நேரப் பயணம். இறங்கியதும் ஆஸ்பத்திரிக்குப் போனார். வார்டுக்கு இல்லை. நேராகப் பிணவறைக்கு. அங்கே பட்டியலில் பெயர் இல்லை என்றதும் வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய் விட்டார்களோ என்று வாசலிலேயே உட்கார்ந்து விட்டாராம். ஒரு வார்டு பாய் பார்த்து விசாரித்துக் கூட்டிப் போகும்போது இரவு 8 மணி. அப்பா இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் 4-ம் பக்கத்தில் 6 வரியில் வருத்தம் தெரிவித்தோம். அதை யாரும் போட்டோ பிடித்து அனுப்பவில்லை.

நான் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் நல்ல மனிதர். "நான் செத்ததே உங்க பேப்பரைப் பாத்துத்தான் தம்பி எனக்குத் தெரியும்" என்று சிரித்தார். கால் சரியாகிக் கடையைத் திறந்தபோது, எங்கள் போஸ்டரைத் தேடி வாங்கிக் கல்லாவுக்கு மேலே ஒட்டி வைத்து விட்டார். வியாபாரம் முன்னைவிடப் பரவாயில்லையாம். நான் டீ குடித்துவிட்டுக் காசை நாளைக்குத் தருகிறேன் என்றால் விட மாட்டார். "செத்தவன்கிட்ட கடன் சொல்லக் கூடாது தம்பி. திருப்பித் தர எங்கே வருவே?" என்பார்.

மகள் வந்திருந்தால் நான் அந்தப் பக்கம் தலை காட்டுவதில்லை. போன வாரம் தெரியாமல் மாட்டிக்கொண்டேன். கையில் அன்றைய பேப்பர். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கல்லாவில் நின்ற அந்தப் பெண், பேப்பரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இன்னிக்கு யாரு சார்?" என்று கேட்டார்.

"யாரும் இல்லக்கா. குடிதண்ணிக் குழாய் உடைஞ்சதுதான்."

"நிஜமாவா?"

"நானே போய்ப் பாத்துட்டு வந்தேன்க்கா" என்றேன். முழங்கால் வரைக்கும் நனைந்திருந்த பேண்ட்டைக் குனிந்து பார்த்துவிட்டு, டீயை எடுத்து வைத்தார்.